சங்கிலியும் கடவுச்சொல்லும்: நூலகப் பயன்பாட்டு நெறிகளின் வரலாறு

நூல்களைக் காத்தலும் நூல்களைப் பயன்படுத்துதலும் ஒன்றுக்கொன்று துணையானவை. சில வேளைகளில் ஒன்றுக்கொன்று முரணானவையும் ஆகும். பூட்டி வைத்த நூல் களவு போவதில்லை. ஆனால் அதனால் பயன்பெறுவாரும் இல்லை. எல்லார் கைக்கும் செல்லும் நூல் பயன் தருகிறது. ஆனால் விரைவில் தேய்ந்துபோகிறது. இவ்விரண்டுக்கும் இடையே வரம்பு கட்டும் முயற்சியே நூலக விதிகளின் வரலாறு எனலாம். ஓலையும் தாளும் மின்னணு வடிவமாக மாறிய நம் காலத்திலும் இம்முயற்சி ஓயவில்லை. வடிவம் மட்டுமே மாறியிருக்கிறது.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்து மலர் வெளியிடும் இவ்வேளையில், இலக்கியக் கட்டுரைக்கு மாறாக இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலில் கூறுதல் முறை.

ஒரு வேண்டுகோள்

நம் வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தம் ஊர்ப்பக்கத்து ஏரிப்பாசன வரலாற்றைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். எந்தப் பல்கலைக்கழகமும் அவரை இப்பணிக்கு அமர்த்தவில்லை. எவரும் நிதி நல்கவுமில்லை. தமக்கு வேண்டிய இரு கட்டுரைகள் வெளிநாட்டு ஆய்விதழ்களில் வந்திருப்பதைக் கணிப்பொறி வழியே கண்டுகொண்ட அவருக்கு, முதற் பக்கம் மட்டுமே திரையில் தெரிந்தது. மேலே படிக்கக் கட்டணம் கேட்டது. ஒரு மாதக் கூட்டம் முடிந்து நாங்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம், "அம்மா, உங்கள் நூலகத்தில் இவையெல்லாம் உங்களுக்குக் கிடைக்கும் அல்லவா? உங்கள் கடவுச்சொல்லை ஒரு நாளைக்குத் தந்தால் நானே படித்துக்கொள்வேன். உங்களுக்கும் வேலை மிச்சம்" என்றார்.

"ஐயா, அது கூடாது என்று விதி இருக்கிறது" என்றேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு அவர் மீண்டும் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். அவர் வருந்தியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் எனக்குத்தான் அன்றிரவு மனம் அமைதி கொள்ளவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நூலகங்களால் வாழ்ந்து வரும் நான், எந்த விதியைச் சொல்லி ஓர் ஆய்வாளருக்கு இல்லை என்றேனோ அந்த விதியை ஒருமுறையேனும் படித்ததுண்டா? இல்லை. அக்குறையை நீக்கும் பொருட்டுத் தொடங்கிய தேடலே இக்கட்டுரையாக விரிந்தது.

பழைய விதிகள்

நூலகம் தோன்றிய காலத்திலேயே பயன்பாட்டு விதியும் தோன்றிவிட்டது. ஏதென்சு நகரில் பாந்தைனோசு என்பார் ஏறத்தாழ கி.பி. 100-ஆம் ஆண்டளவில் நிறுவிய நூலகத்தின் கல்வெட்டு ஒன்று அகழ்வில் கிடைத்துள்ளது. எந்த நூலும் வெளியே எடுத்துச் செல்லப்படமாட்டாது என்றும், அவ்வாறு உறுதி பூண்டுள்ளதாகவும், நூலகம் திறந்திருக்கும் நேரம் இன்னதென்றும் அது அறிவிக்கிறது. இன்றைய நூலக வாயிலில் தொங்கும் அறிவிப்புப் பலகைக்கும் அதற்கும் பொருளளவில் வேறுபாடு இல்லை.

இடைக்கால ஐரோப்பாவில் நூல்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டன. இங்கிலாந்தின் ஹியர்போர்டு பேராலயத்தில் அத்தகைய நூலகத்தை இன்றும் காணலாம். ஒவ்வொரு நூலின் முன்னட்டை விளிம்பிலும் ஒரு சங்கிலி. அதன் மறுமுனை நிலையடுக்கில் உள்ள இரும்புக்கோலில் மாட்டப்பட்டிருக்கும். சங்கிலி சிக்காதிருக்க நூல்களின் முதுகுப்புறத்தை உள்ளே வைத்துத் தாள் விளிம்பை வெளியே காட்டி அடுக்கியுள்ளனர். படிப்பவர் நூலை அருகிலுள்ள சாய்மேசை வரை இறக்கலாம். அதற்கப்பால் கொண்டுசெல்ல இயலாது. சங்கிலி படிப்பதைத் தடுக்கவில்லை, எடுத்துச் செல்வதை மட்டுமே தடுத்தது என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது. விலைமதிப்பற்ற ஒரு கையெழுத்துப் படியை அறிமுகம் இல்லாதவர் கையிலும் கொடுக்கலாம் என்ற துணிவை அளித்ததே அச்சங்கிலிதான்.

1602-இல் திறக்கப்பட்ட ஆக்சுபோர்டு போட்லியன் நூலகம், சங்கிலியோடு சொல்லையும் நம்பியது. நூலைக் கொண்டுசெல்லேன், கறைப்படுத்தேன், நெருப்பைக் கொணரேன், விதிகளுக்கு அடங்குவேன் என்று வாசகர் உறுதிமொழி கூறிய பின்னரே உள்ளே செல்லலாம். உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1645-இல், ஆக்சுபோர்டில் தங்கியிருந்த முதலாம் சார்லசு மன்னர் ஒரு நூலை இரவல் கேட்டார். நூலகர் ஜான் ரௌசு விதிநூலை மன்னர்முன் கொண்டுசென்று காட்டினார். மன்னரும் அதனை ஏற்றுத் தம் வேண்டுகோளைக் கைவிட்டார். அம்மன்னரை வீழ்த்தி ஆட்சிக்கு வந்த கிராம்வெல்லும் 1654-இல் நூல் கேட்டு அதே விடையைப் பெற்றார். வேந்தனுக்கும் அவனை வென்றவனுக்கும் மாணவனுக்கும் ஒரே விதி. விதிக்கு மதிப்பு வந்தது இச்சமன்மையால்தான்.

சுவடிகள் கண்ட வழக்கம்

நம் நாட்டில் ஏட்டுச்சுவடிகளின் நிலை வேறு. இங்குச் சுவடியைக் காப்பதற்குரிய வழியே அதனைப் படியெடுத்தல்தான். ஓலை செல்லரிக்கும், ஒடியும். ஒருவர் வீட்டில் மட்டும் இருந்த ஏடு அவ்வீட்டோடு அழிந்தது; பலர் படியெடுத்த ஏடு பிழைத்தது. சுவடியின் இறுதியில், பிழை பொறுக்குமாறு படிப்போரை வேண்டிக்கொண்டு எழுதியவர் முடித்ததை நாம் அறிவோம். படித்தவர் திருத்தி மீண்டும் எழுதுவார் என்ற எதிர்பார்ப்பு அவ்வேண்டுகோளில் அடங்கியுள்ளது.

உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்தும் பலருடைய சுவடிகள் அவர் கைக்கு வந்தன. தந்தவர்களுக்கும் பெற்றவருக்கும் இடையே ஒப்பந்தத் தாள் எதுவும் இல்லை. இன்னார் வழி வந்தவர், இன்ன மடத்தின் மாணாக்கர், சொன்ன சொல் தவறாதவர் என்ற நம்பிக்கையே உரிமமாக இருந்தது. ஆனால் இவ்வழக்கத்தின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. அறிமுகமற்றவர்க்கும், குலத்தாலும் பாலாலும் விலக்கப்பட்டவர்க்கும் அந்த ஏடுகள் எட்டவில்லை. என்னைப் போன்ற ஒரு பெண் அக்காலத்தில் ஒரு மடத்துச் சுவடிக்கட்டின் முன் அமர்ந்திருக்க இயலுமா என்பது ஐயமே. எழுதாத விதி எழுதிய விதியைவிட இரக்கமுடையது என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

விற்ற நூல் யாருடையது?

அச்சு வந்தபின் கேள்வி மாறியது. நூலைக் களவிலிருந்து காத்தல் என்பதோடு, நூலாசிரியரின் உழைப்பைக் காத்தல் என்பதும் சேர்ந்துகொண்டது. 1710-இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியார் சட்டம், புது நூலின் உரிமையை 14 ஆண்டுகளுக்கு நூலாசிரியருக்கு உரியதாக்கியது. கல்வியை ஊக்குவித்தலே தன் நோக்கமென்று அது கூறியதுடன், 9 நூலகப் படிகளைப் பதிப்பாளர் அளிக்க வேண்டுமென்றும் விதித்தது. உரிமைக்கும் நூலகத்திற்கும் ஒரே சட்டத்தில் இடம் கிடைத்தது தற்செயலன்று.

அடுத்த பெருந்திருப்பம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஒரு பதிப்பகம் தான் வெளியிட்ட புதினத்தில், ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் அது உரிமை மீறலாகும் என்று அச்சிட்டிருந்தது. நியூயார்க்கு நகரத்துப் பல்பொருள் அங்காடி ஒன்று அதனை 89 செண்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1908-இல் வந்த தீர்ப்பு, ஒருமுறை விற்ற படியின்மேல் பதிப்பகத்திற்கு அத்தகைய அதிகாரம் இல்லை என்றது. விலை கொடுத்து வாங்கியவர் அப்படியை மறுபடி விற்கலாம், கொடையாகத் தரலாம், இரவலும் தரலாம். அச்சு நூலகங்களின் இரவல் முறை இக்கோட்பாட்டின்மேல் உறுதியாக நின்றது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், தன் 52-ஆம் பிரிவில், ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டிற்கான நேரிய கையாளுகையை மீறலாகக் கொள்ளவில்லை.

இக்காலகட்டத்தில் நூலகக் கதவை அகலத் திறந்தவர் நம்மவரே என்பது பெருமைக்குரியது. சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் பயிற்றுவித்த சீ.இரா. அரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வாசகர் தாமே அடுக்கிடையே சென்று நூலை எடுக்கும் திறந்த முறையை அவர் அங்கு நடைமுறைப்படுத்தினார். 1931-இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளின் சாரம் இதுவே: நூல் பயன்பாட்டிற்கு உரியது, ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு, வாசகரின் நேரம் வீணாகலாகாது, நூலகம் வளரும் உயிர். இவ்வைந்தில் ஒன்றேனும் "கூடாது" என்று முடியவில்லை. அவர் காலத்து நூலகருக்கு அந்த உரிமை இருந்தது. ஏனெனில் அடுக்கில் இருந்த நூல் நூலகத்தின் சொந்த நூல்.

வாங்குதலிலிருந்து வாடகைக்கு

1990-களில் இந்நிலை மாறியது. ஆய்விதழ்கள் மின்வடிவம் பெற்றன. அமெரிக்காவின் மெல்லன் அறக்கட்டளை ஆதரவில் உருவாகி 1995-இல் தனி அமைப்பான ஜேஸ்டோர், பொருளியலிலும் வரலாற்றிலும் 10 இதழ்களுடன் தொடங்கியது. பழைய இதழ்த் தொகுதிகள் நூலக அடுக்குகளை அடைத்துக்கொள்கின்றன என்ற இடநெருக்கடியே அத்திட்டத்திற்கு வித்திட்டது. இடத்தை மிச்சப்படுத்த வந்த ஏற்பாடு, உடைமையின் பொருளையே மாற்றிவிட்டது.

அச்சிதழுக்குச் சந்தா நிறுத்தினால் பழைய இதழ்கள் அடுக்கில் இருக்கும். மின்னிதழ் அவ்வாறன்று. அது பதிப்பகத்தின் கணிப்பொறியில் இருக்கிறது; நூலகம் பெறுவது பார்க்கும் உரிமை மட்டுமே. ஒப்பந்தத்தில் நிலையான அணுக்கம் என்று தனியே எழுதிப் பெற்றாலன்றி, சந்தா முடிந்த நாளில் பழைய ஆண்டுகளும் மறைந்துபோகலாம். விற்பனை நிகழாத இடத்தில் 1908-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு வேலையில்லை. எனவே சட்டம் பேசிய இடத்தில் ஒப்பந்தம் பேசத் தொடங்கியது. இம்மாற்றத்தை உணர்ந்த உலக நூலகக் கூட்டமைப்புகள் ஒன்றுகூடி, மின்வளங்களைப் பெறுவதற்குரிய தம் நிலைப்பாட்டை 1998-இல் அறிக்கையாக வெளியிட்டன. தனித்தனியே பேரம் பேசும் நூலகம் தோற்கும் என்பதை அவை அறிந்திருந்தன.

உரிமம் கூறுவன

இத்தகைய உரிமங்கள் சொல்லால் வேறுபட்டாலும் பொருளால் பெரிதும் ஒத்தவை. யார் பயனாளர் என்பது முதற்கூறு: அந்நிறுவனத்தின் ஆசிரியர், மாணவர், பணியாளர். எங்கிருந்து என்பது இரண்டாவது: வளாகத்துக் கணிப்பொறிகளின் இணைய முகவரியை அடையாளங்கண்டு பதிப்பகம் கதவைத் திறக்கும், வெளியிலிருந்து வருவோர்க்குக் கடவுச்சொல் வேண்டும். எவ்வளவு என்பது மூன்றாவது: படிப்பிற்கும் ஆய்விற்கும் தேவையான கட்டுரைகளை எடுத்துக்கொள்ளலாம், ஓர் இதழ் முழுவதையோ தொகுதி தொகுதியாகவோ எடுத்தல் கூடாது, தானியங்கி நிரல் கொண்டு எடுத்தல் அறவே கூடாது. எதற்கு என்பது நான்காவது: வணிகத்திற்கு ஆகாது, பிறர்க்கு மறுபங்கீடு ஆகாது. அண்மைக்காலத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு இக்கட்டுரைகளை ஊட்டுவது பற்றிய கட்டுப்பாடும் பல உரிமங்களில் சேர்ந்துள்ளது.

இவற்றின் மீறலுக்கு விளைவு உண்டு. அதனை நான் நேரில் கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வு மாணவர் ஒருவர், விடுதியைக் காலி செய்து ஊர் திரும்புமுன், இனி இவ்வளங்கள் தமக்குக் கிடைக்கமாட்டா என்ற அச்சத்தில், ஓர் இதழின் எல்லா ஆண்டுகளையும் ஓரிரவில் நிரல் ஒன்றின்வழி இறக்கத் தொடங்கினார். விடிவதற்குள் பதிப்பகம் எங்கள் வளாகம் முழுவதற்கும் கதவை மூடியது. ஒன்பது நாட்கள் எவருக்கும் அத்தரவுத்தளம் திறக்கவில்லை. அவ்வாரம் ஆய்வேட்டை ஒப்படைக்க இருந்த மாணவி ஒருவர் மேற்கோளைச் சரிபார்க்க வழியின்றி என் அறை வாயிலில் நின்று அழுதார். தவறு செய்தவரை அழைத்துக் கண்டித்தோம். அவர் கேட்டது ஒன்றே: "இப்படி ஒரு விதி இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே, அம்மா?" உண்மைதான். போட்லியன் நூலகத்தில் வாசகர் வாய்விட்டு உறுதி கூறிய பின்னரே உள்ளே சென்றார். நாமோ திரையில் "ஏற்கிறேன்" என்ற கட்டத்தைப் படிக்காமல் அழுத்துகிறோம். படிக்காத உறுதிமொழி உறுதிமொழியாகுமா?

ஓர் இளைஞரின் முடிவு

மீறலுக்கான விளைவு எத்துணைக் கொடியதாகக்கூடும் என்பதற்கு ஆரன் சுவார்ட்சு என்ற அமெரிக்க இளைஞரின் வரலாறு சான்று. கணிப்பொறியியல் வல்லுநரான அவர், 2010-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் வலையமைப்பு வழியே ஜேஸ்டோரிலிருந்து பல இலட்சக்கணக்கான கட்டுரைகளை இறக்கினார். அதன் பயனாக அக்கழகம் முழுவதற்கும் சில நாட்கள் அணுக்கம் நிறுத்தப்பட்டது. 2011 ஜனவரியில் அவர் கைது செய்யப்பட்டார். இறக்கிய படிகளைத் திரும்ப ஒப்படைத்தபின் ஜேஸ்டோர் தன்னளவில் அவருடன் உடன்பாடு கண்டது. ஆயினும் அரசுத்தரப்பு குற்றவழக்கைக் கைவிடவில்லை. நெடுங்காலச் சிறைத்தண்டனைக்கு இடமளிக்கும் குற்றச்சாட்டுகள் நிலுவையில் இருக்க, 2013 ஜனவரி 11-ஆம் நாள், தம் 26-ஆம் வயதில் அவர் உயிர் துறந்தார்.

அவர் செய்தது உரிம மீறல் என்பதில் ஐயமில்லை. அம்மீறலுக்கும் அவர்மேல் ஏவப்பட்ட குற்றவழக்குக்கும் பொருத்தமில்லை என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஒரு நூலக விதியை மீறியவரை நூலகம் வெளியேற்றலாம். சிறைக்கூடம் நூலக விதியின் தொடர்ச்சியன்று. ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும்: 2011 செப்டம்பரில் ஜேஸ்டோர், 1923-க்கு முந்தைய அமெரிக்கக் கட்டுரைகளையும் 1870-க்கு முந்தைய பிறநாட்டுக் கட்டுரைகளையும் எல்லார்க்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. பதிப்புரிமைக் காலம் கடந்தவையே அவை. அதுவரை அவையும் மூடிய கதவுக்குப் பின்னால்தான் இருந்தன.

இந்தியாவில்

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக்குழுவின் இன்ஃப்ளிப்நெட் அமைப்பு 1991-இல் தொடங்கப்பெற்றது. அதன்வழி பல்கலைக்கழகங்களுக்கு மின்னிதழ் வழங்கும் கூட்டமைப்பை 2003 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். கல்லூரிகளுக்கான என்-லிஸ்ட் திட்டம் 2010-இல் வந்தது. சிற்றூர்க் கல்லூரி ஆசிரியர்க்கும் தனித்தனிக் கடவுச்சொல் கிடைத்தது அதன் பின்னரே. ஒரு கட்டுரைக்காகச் சென்னைக்கு இரவுப் பேருந்தில் சென்று, காலை நூலகம் திறக்கும் வரை படிக்கட்டில் காத்திருந்து, ஒளிநகல் எடுத்துக்கொண்டு மாலைப் பேருந்தில் திரும்பிய என் போன்றோருக்கு அது எத்தகைய விடுதலை என்பதைச் சொல்லி விளக்க இயலாது. 2015-இல் இத்தகைய திட்டங்கள் இணைந்து இ-சோத்சிந்து உருவாயிற்று. 2024 நவம்பர் 25-இல் மத்திய அமைச்சரவை "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், அரசின் மேலாண்மையிலுள்ள 6,300-க்கு மேற்பட்ட நிறுவனங்கள். ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் பயன்பெறுவர் என்பது அரசின் கணக்கு.

இந்தப் பெருங்கணக்கில் நம் தலைமையாசிரியர் ஐயாவுக்கு இடமில்லை. அவர் எந்த நிறுவனத்தையும் சேர்ந்தவரல்லர்.

விலை எட்டாதபோது மக்கள் வேறு வழி தேடுவர். கசக்கஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்டிரா எல்பாக்கியான் 2011-இல் தொடங்கிய சை-ஹப் தளம், உரிமமின்றிக் கட்டுரைகளை எல்லார்க்கும் வழங்கியது. 2020 டிசம்பரில் மூன்று பெரும் பதிப்பகங்கள் தில்லி உயர்நீதிமன்றத்தில் அதன்மேல் வழக்குத் தொடர்ந்தன. அத்தகைய வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் அவ்வழியே செல்வோரை வெறும் கள்வர் என்று ஏசவும் எனக்கு நா எழவில்லை.

இந்திய நீதிமன்றத்தின் மற்றொரு தீர்ப்பு நம்பிக்கை தருவது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஓர் ஒளிநகல் கடை, பேராசிரியர்கள் குறித்துக்கொடுத்த நூற்பகுதிகளைத் தொகுத்து மாணவர்க்கு விற்றது. ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் உள்ளிட்டோர் 2012-இல் அக்கடையின்மேலும் பல்கலைக்கழகத்தின்மேலும் வழக்கிட்டனர். 2016 செப்டம்பர் 16-இல் நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை என்பது இயற்கையான, தவிர்க்கவியலாத உரிமையன்று, சட்டம் தந்த உரிமையே என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. அவ்வாண்டு டிசம்பரில் இருவர் ஆயமும், பாடம் பயிற்றுவித்தற்குத் தேவையான அளவில் படியெடுத்தலைச் சட்டம் ஏற்கிறது என்று கூறி, சில வினாக்களை மட்டும் மீள்விசாரணைக்கு அனுப்பியது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. எனினும் இத்தீர்ப்பு விலை கொடுத்து வாங்கிய அச்சு நூலைப் பற்றியது என்பதை மறத்தலாகாது. நாமே கையொப்பமிட்ட உரிமத்தின் சொற்களை அது தானாக அழித்துவிடாது. ஆகவே கையொப்பமிடும் முன்னர் அச்சொற்களைப் படித்தல் நம் கடமையாகிறது.

திறந்திருந்த ஒரு கதவு

அக்கடமையைக் காலம் கடந்தேனும் செய்யலாம் என்று எண்ணி, எங்கள் நூலகரிடம் உரிம ஒப்பந்தங்களைக் கேட்டேன். அவர் வியப்புடன் கோப்புகளை எடுத்துத் தந்தார். அவற்றைக் கேட்ட முதல் ஆசிரியர் நானே என்றார். இரண்டு மாலைப்பொழுதுகள் அவற்றைப் படித்தேன். ஒரு தரவுத்தளத்தின் ஒப்பந்தத்தில் ஒரு கூறு என்னை நிறுத்தியது. நூலகத்திற்கு நேரில் வரும் பொதுமக்களும் நூலக வளாகத்துக் கணிப்பொறியில் படிக்கலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. இத்தகைய கூறு உலகெங்கும் பல உரிமங்களில் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். உரிமம் வழங்கிய உரிமையை நாங்கள்தாம் எவருக்கும் வழங்காமல் வைத்திருந்தோம். வாயிற்காவலர் அடையாள அட்டை இல்லாதவரை உள்ளே விடுவதில்லை. அதற்குமேல் எவரும் கேட்டதுமில்லை.

நூலகர் அனுமதிக் கடிதம் தந்தார். ஒரு சனிக்கிழமை காலை ஐயா வந்தார். சன்னலோரக் கணிப்பொறியில் முதற் கட்டுரையைத் திறந்து கொடுத்தேன். அவர் பையிலிருந்து கோடிடாத குறிப்பேடு ஒன்றை எடுத்து, நூலகம் மூடும்வரை கையாலேயே குறிப்பெழுதினார். ஓலையில் எழுதியவரின் மரபு அவர் கையில் இருந்ததாக எனக்குத் தோன்றியது. அவர் தேடிய இரண்டாவது கட்டுரை வேறொரு தரவுத்தளத்தில் உள்ளது. அதன் உரிமம் வெளியாரை ஏற்கவில்லை. அக்கட்டுரையை அவர் இன்னும் படிக்கவில்லை.

கடவுச்சொல்லைத் தர மறுத்தது சரியா என்று இப்போது என்னைக் கேட்டால், சரி என்றே சொல்வேன். ஒருவர் கடவுச்சொல் ஒரு வளாகத்தின் கதவையே மூடக்கூடும் என்பதைக் கண்டவள் நான். ஆனால் மறுத்ததோடு நின்றது சரியா என்றால், அன்று. "கூடாது" என்று சொல்வோர் எது கூடும் என்பதையும் தேடிச் சொல்லக் கடமைப்பட்டவர்.

நாம் செய்யத்தக்கன

இந்நகரக் கல்லூரிகளில் பணியாற்றும் நம் வட்டத்து உறுப்பினர்கள், தத்தம் நூலகத்து உரிமங்களைப் படித்து, நேரில் வருவோர்க்கு இடமுண்டா என்று அறிந்து சொல்லலாம். இடமிருந்தால் ஒரு நாற்காலியும் ஒரு கணிப்பொறியும் ஒதுக்குமாறு வேண்டலாம். இடமில்லையெனில் அடுத்த ஒப்பந்தத்தில் அக்கூறைச் சேர்க்குமாறு வற்புறுத்தலாம். முதலாண்டு ஆய்வு மாணவர்க்கு ஒரு மணி நேரமேனும் இவ்விதிகளை எடுத்துரைக்கலாம்.

இரண்டாவது கடமை நம் கையிலேயே முழுவதும் உள்ளது. மூடிய கதவுக்கு எதிரான மெய்யான விடை, திறந்த கதவுகளைப் பெருக்குவதே. புடாபெசுடு நகரில் கூடிய அறிஞர்கள் 2002-இல் திறந்த அணுக்கத்திற்கு அழைப்பு விடுத்தனர். அதற்கும் நான்கு ஆண்டுகள் முன்பே, 1998 பொங்கல் நாளில், தன்னார்வத் தமிழர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கித் தமிழ் நூல்களை எல்லார்க்கும் இலவசமாக அளிக்கலாயினர். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் எவரும் படிக்கத்தக்கவாறு சேர்ந்துவருகின்றன. படியெடுத்தலே காத்தல் என்ற சுவடிக்கால அறிவு இப்பணிகளில் உயிர்த்திருக்கிறது. அக்கால விலக்குகள் மட்டும் இவற்றில் இல்லை.

ஆகவே நம் வட்டத்தின் செயற்குழுவிற்கு ஒரு வேண்டுகோளுடன் இதனை முடிக்கிறேன். கடந்த பத்தாண்டுகளில் இங்குப் படிக்கப்பட்ட கட்டுரைகளையும், எழுதியோர் இசைவுடன், இம்மலரையும் கட்டணமின்றி எவரும் படிக்கும் வண்ணம் மின்வடிவில் வெளியிட வேண்டும். நம் தலைமையாசிரியர் ஐயாவின் ஏரிப்பாசனக் கட்டுரை இம்மலரில் இல்லை. அது இன்னும் முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெறும் நாளில், அதனைத் தேடிவரும் எவர்க்கும் முதற் பக்கத்தோடு கதவு மூடாதிருக்கட்டும்.